கேபினிலிருந்து பார்த்த முகம்

எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'வேலைத்தலத்தில் விசுவாச வாழ்க்கை'. நான் மும்பை லோக்கல் ரயிலில் மோட்டார்மேனாக, அதாவது வண்டி ஓட்டுபவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் ஜெபம் பண்ணிவிட்டு வண்டியை எடுத்தேன், கர்த்தர் காத்தார், மாலையில் பத்திரமாக வீட்டுக்கு வந்தேன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் வம்பில்லை. என் மனைவி லில்லியும் அதைத்தான் சொன்னாள். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுத்திருங்க. ரிட்டயர் ஆன பெறகு நமக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றாள். ஆனால் பேனாவை எடுத்தால் செல்லத்துரையின் முகம்தான் வருகிறது. அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் பொய்யாக இருக்கும். ஆகவே அதையே எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் கமிட்டியின் இஷ்டம்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர். மாட்டுங்காவில் இருந்த ஆபீஸ் உத்தியோகக்காரர்களைப் போல நாமும் பேன்ட் போட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது என் சிறுவயது ஆசை. ரயில்வேயில் உதவி டிரைவராகச் சேர்ந்து, ஷண்டிங், சரக்கு வண்டி என்று ஒவ்வொரு படியாக ஏறி, பரீட்சை எழுதி லோக்கலுக்கு வந்தேன். அந்த வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோரையும் போல வசவு வாங்கினேன், எல்லோரையும் போலக் கற்றுக்கொண்டேன்.

லோக்கல் ஓட்டுவதைப் பார்க்கிறவர்களுக்கு அது சுகமான வேலையாகத் தெரியும். உட்கார்ந்த இடம், ஒரு கைப்பிடி, முன்னால் பெரிய கண்ணாடி. அந்தக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். கையை எடுத்தால் வண்டி தானாக நின்றுவிடும். ஓட்டுகிறவன் செத்துப்போனான் என்று அதற்குப் பொருள். அதை அழுத்திக்கொண்டேதான் தண்ணீர் குடிக்க வேண்டும், தும்ம வேண்டும், கவலைப்பட வேண்டும். இன்னொன்று, பிரேக் போட்ட உடனே வண்டி நிற்காது. பின்னால் தொங்கிக்கொண்டு வரும் ஜனத்தொகையோடு அது இன்னும் வெகுதூரம் போய்த்தான் நிற்கும். இந்த ஊர் ஜனங்களோ தண்டவாளத்தை வீட்டு வாசல் தெருவாக நினைத்துக் கடக்கிறார்கள். ஆகவே இன்றோ நாளையோ எல்லா மோட்டார்மேனுக்கும் அது நடக்கும். வேலைக்குச் சேரும்போது இதை யாரும் சொல்வதில்லை.

எனக்குச் சொன்னவர் சாவந்த் சாகேப். எங்கள் லோகோ இன்ஸ்பெக்டர். மராட்டிக்காரர், ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கேபினுக்குள் வந்தால் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். தாதரிலிருந்து தானே வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். சிக்னலைப் பார்க்கிறோமா, ஸ்டேஷனுக்குள் நுழையும்போது எங்கே வேகத்தைக் குறைக்கிறோம், கை நேரத்துக்கு ஹார்னுக்குப் போகிறதா என்று மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் பார்த்துக்கொண்டு வருவார். இறங்கும்போது ஒரே ஒரு வாக்கியம். "முலுண்டில் கொஞ்சம் தள்ளி நிறுத்தினாய்" என்பார். அது ஒரு வாரம் காதில் கிடக்கும். பாராட்ட நினைத்தால் அந்த ஒரு வாக்கியத்தையும் சொல்லாமல் இறங்கிப்போவார்.

நான் லோக்கலுக்கு வந்த முதல் வாரத்திலேயே கேட்டார். "குறுக்கே ஆள் வந்தால் என்ன செய்வாய்?"

எமர்ஜென்சி பிரேக் போடுவேன், ஹார்ன் அடிப்பேன் என்றேன்.

"அப்புறம்?"

அப்புறம் என்ன இருக்கிறது? விழித்தேன்.

"பிரேக் மார், ஹார்ன் பஜா, ஆங்க் நீச்சே" என்றார். பிரேக்கைப் போடு, ஹார்னை அடி, கண்ணைக் கீழே இறக்கு. "உன் கையில் இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது. இனிமேல் நீ பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வண்டி நிற்கிற இடத்தில்தான் நிற்கும். ஸ்பீடு மீட்டரைப் பார். மேலே பார்த்தால் அந்த முகம் உன்கூட வீட்டுக்கு வந்துவிடும். நீ சோறு தின்னும்போது எதிரே உட்காரும்."

இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். பழைய மோட்டார்மேன்கள் எல்லோரிடமும் இந்தப் பழக்கம் உண்டு. மனசைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது.

அப்படி ஒன்று நடந்த அன்று சாகேப் செய்யும் காரியம் ஒன்றும் உண்டு. வண்டியை நிறுத்தி, கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுக்குச் சொல்லி, ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்து, ஸ்ட்ரெச்சர் வந்து எடுத்துப்போன பிறகு, அதே வண்டியை அதே மோட்டார்மேன்தான் கடைசி ஸ்டேஷன் வரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே ஜனங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, ஊர் அப்படி. கடைசி ஸ்டேஷனில் சாகேப் காத்திருப்பார். கையில் ஒரு கண்ணாடி கிளாஸ், அதில் விளிம்புவரை சாயா. நடந்ததைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார். மகள் எந்த வகுப்பு, வீட்டில் குழாய்த் தண்ணீர் எப்போது வருகிறது என்று பேச்சுக் கொடுப்பார். கண் மட்டும் கிளாஸில் இருக்கும். சாயா சிந்தவில்லை என்றால் அடுத்த வண்டிக்குப் போகலாம். சிந்திவிட்டால் தோளில் கை வைத்து, "கர் ஜா" என்பார். வீட்டுக்குப் போ. இப்போது இதற்கெல்லாம் கவுன்சலிங் இருக்கிறதாம். ரொம்ப நல்லது. எங்களுக்கு அந்தச் சாயாதான் இருந்தது.

எனக்கு முதல்முறை நடந்தபோது சாகேப் சொன்னபடியே கண்ணை இறக்கினேன். சாயா ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வீட்டுக்கு வந்து மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் திக்கென்றது. இன்றைக்கு ஒரு மனுஷன் போய்விட்டான், அவன் கிழவனா வாலிபனா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

அதற்கு அடுத்து வந்த பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் மூன்று மணி நேர ஆராதனை. உள்ளதைச் சொல்ல வேண்டும், நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். சிலுவையடியில் நின்ற பெண்களைப் பற்றிப் பிரசங்கம் போய்க்கொண்டிருந்தது. சட்டென்று ஒன்று உறைத்தது. அந்தப் பெண்களால் எதையும் நிறுத்த முடியவில்லை. ஆணியைப் பிடுங்க முடியவில்லை, சேவகர்களை விரட்ட முடியவில்லை. அவர்களிடம் பிரேக்கும் இல்லை, ஹார்னும் இல்லை. ஆனாலும் அவர்கள் கண்ணை இறக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களால் முடிந்தது அது ஒன்றுதான், அதைச் செய்தார்கள். இனி என் வண்டிக்கு முன்னால் யார் வந்தாலும் பார்ப்பது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். சாகிற மனுஷனை இந்த உலகத்தில் ஒருத்தனாவது பார்க்க வேண்டும். 'ஆண்டவரே, இவனைக் கண்ணோக்கும்' என்று ஒரு வரி ஜெபமும் வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் அது 'ஆண்டவரே' என்பதோடு நின்றுவிடும். அவ்வளவுதான் நேரம் இருக்கும்.

வேலைத்தலத்தில் விசுவாச வாழ்க்கை என்று கேட்டீர்களே, என்னுடையது இவ்வளவுதான். கேபினில் வேத வசன ஸ்டிக்கர் ஒட்டவில்லை, யாருக்கும் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கவில்லை.

சாகேப் கண்டுபிடித்துவிட்டார். அடுத்தமுறை சாயா சிந்தியது. "பார்த்தாயா?" என்றார். பார்த்தேன் என்று காரணத்தையும் சொன்னேன். "பாகல்" என்றார். பைத்தியக்காரன். கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டையில் தெறித்ததைத் துடைத்துக்கொண்டே, "உன் தேவன் உன்னை ஓட்டச் சொன்னாரா, பார்க்கச் சொன்னாரா?" என்று கேட்டார்.  ஆனால் அன்றிலிருந்து எனக்கு மட்டும் கிளாஸைப் பாதிதான் நிரப்பிக் கொண்டுவருவார்.

இனி செல்லத்துரை. எங்கள் கோயிலில் மணி அடிப்பவர். சம்பளத்துக்கு இல்லை, பிரியத்துக்கு. தாராவியில் லெதர் பேக் தைக்கும் ஒரு பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மனைவி எஸ்தர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது குதிகால் இரண்டும் தரையைவிட்டு எழும்பும். சபையில் யாராவது இறந்தால் சாவு மணியும் அவர்தான். நிறுத்தி நிறுத்தி அடிப்பார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் தெருவில் போகிறவன்கூட நின்றுவிடுவான். பெரிய கேலிக்காரர். என்னைக் கண்டால், "என்ன அண்ணாச்சி, நேத்தும் சயான்ல வண்டி லேட்டு. கர்த்தருடைய வருகைக்குக்கூட நீங்க லேட்டாத்தான் வந்து சேருவீங்க போலிருக்கே" என்பார்.

கடைசிக் காலத்தில் அந்தக் கேலி நின்றுபோயிற்று. வருவார், மணி அடிப்பார், போய்விடுவார். பட்டறையில் தொந்தரவு இல்லை, வீட்டில் சண்டை இல்லை. இது மனசுக்கு வரும் ஒரு நோய், இதற்கு டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிறோம். அன்றைக்கு எங்கள் சபையில் அவருக்குக் கிடைத்த மருந்து, "இன்னும் நல்லா ஊக்கமா ஜெபம் பண்ணுங்க" என்பதுதான். கையை முறித்துக்கொண்டு வந்தவனிடம் அப்படிச் சொல்வோமா? மாவுக்கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு ஓடமாட்டோமா? நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மாட்டுங்காவை விட்டுச் சயானைப் பார்த்து வண்டி போய்க்கொண்டிருந்தது. நல்ல வெயில், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தண்டவாளத்தில் ஒரு ஆள் நின்றார். பிரேக் போட்டேன், ஹார்ன் அடித்தேன், வழக்கப்படி கண்ணை இறக்காமல் பார்த்தேன். அவர் திரும்பினார். செல்லத்துரை.

அன்று என் வாயில் 'ஆண்டவரே' வரவில்லை. "ஏய், போவே!" என்று கத்தினேன். அந்தக் கண்ணாடிக்குள் இருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்?

பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேனாம். கார்டுக்குச் சொன்னேனாம், ஸ்டேஷனுக்குச் சொன்னேனாம், ஸ்ட்ரெச்சர்காரர்களுக்கு இடம் காட்டினேனாம். குர்லா, காட்கோபர், முலுண்ட் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கோடு பிசகாமல் நிறுத்தினேன் என்று கார்டு பிற்பாடு சொன்னார். எனக்கு ஒன்றும் நினைவில்லை. கை மட்டும் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மனுஷனுடைய கை இவ்வளவு விசுவாசமான மிருகமா என்று இன்றும் எனக்கு ஆச்சரியம், பயமும்தான்.

தானேயில் சாகேப் பாதி கிளாஸோடு நின்றார். அந்தப் பாதியும் என் ஷூவில்தான் கொட்டியது.

"யார்?" என்றார். அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை.

"எங்கள் சர்ச்சில் மணி அடிப்பவர்."

'நான்தான் அன்றைக்கே சொன்னேனே, கண்ணை இறக்கு என்று' எனத் திட்டுவார் என எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். இஸ்திரி கலையும் என்று எங்கும் உட்காராத மனிதர். காலி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஓட்டுவது நீ என்று அவருக்குத் தெரிந்திருக்குமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இன்றும் எனக்கு அது தெரியாது. பிறகு அவரே என்னைச் செம்பூர் வீடு வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் சபைக் காரியதரிசி ஞானமுத்து போன் பண்ணினார். "அண்ணாச்சி, கொஞ்சம் கோயில் வரைக்கும் வரணும். ஐயர் கூப்பிடுதாவ" என்றார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். என் நிலைமையைக் கேள்விப்பட்டு ஆறுதல் சொல்லி ஜெபிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி ஒரு வெகுளி நான்.

கோயில் படியில் இரண்டு பெண்களுக்கு நடுவில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. ஆஸ்பத்திரிப் பரிசோதனை முடிந்து அன்று மத்தியானம் உடலைக் கொடுப்பதாக இருந்தது. கோயிலை ஒட்டிய சின்ன அறையில் போதகர் இருந்தார். இளவயதுக்காரர், நல்ல மனிதர், இப்போது வேறு ஊரில் இருக்கிறார். ஞானமுத்து கதவை முழுக்கச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பிரதர், உங்களுக்கு எவ்வளவு பாரமா இருக்கும்னு தெரியும். ஆனாலும் உங்கள விட்டா எனக்கு வேற ஆள் இல்ல" என்று போதகர் ஆரம்பித்தார்.

எங்கள் சபையில் பழைய கட்டுப்பாடு ஒன்று இருந்தது. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவருக்குச் சாவு மணி கிடையாது. உடலைக் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது. வீட்டிலிருந்து நேரே கல்லறைத் தோட்டம், ஒரு சின்ன ஜெபம், மண். அவ்வளவுதான் அடக்கம். செல்லத்துரைக்கு எது என்பதை அன்று காலையில் அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

"பார்த்தது நீங்க ஒருத்தர்தான். அவர் லைன் கிராஸ் பண்ணிப் போகும்போது... அப்படித்தானே?" என்றார் போதகர்.

"கிராஸிங்தான் அண்ணாச்சி. இந்த ஊர்ல தெனம் நடக்குததுதான. ஒரு வார்த்தை சொல்லிருங்க, முடிஞ்சிரும். அந்த ரெண்டு பொட்டப்பிள்ளையளை நெனச்சாவது" என்றார் ஞானமுத்து.

நான் திகைத்துப்போனேன். அடிபட்டவரைப் பார்த்த அதிர்ச்சி ஒருபக்கம் இருக்க, இது இன்னொரு அதிர்ச்சி. அவர்கள் இருவரும் கெட்டவர்கள் இல்லை. செல்லத்துரையை எப்படியாவது உள்ளே கொண்டுவரத்தான் பார்க்கிறார்கள். அதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழி என் வாயிலிருந்து ஒரு பொய். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று கற்றுக்கொடுக்கிறோம். இங்கே ஐயரே பொய்யைச் சோறு மாதிரி உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டுகிறார். சாகேப் பேச்சைக் கேட்டுக் கண்ணை இறக்கியிருந்தால், நான் பார்க்கவில்லை என்று மனசறிந்து சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பேன். பார்த்துத் தொலைத்துவிட்டேனே!

"பார்த்தேன் ஐயா" என்றேன்.

"சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்."

ஞானமுத்து என் முழங்காலைத் தொட்டார். "அண்ணாச்சி, கோவப்படாதீங்க. சபைக்குன்னு ஒரு சட்டம் இருக்குல்லா."

"நான் பொய் சொன்னா அவரு உள்ள வரலாம். நெசத்தச் சொன்னா வெளியிலேயே கெடக்கணும். அப்படித்தான? அப்போ இந்த வாசல்ல நிக்கது யாரு? ஆண்டவரா, வாட்ச்மேனா?"

 எனக்கு ஒருமுறை வாய் திறந்துவிட்டால் மூடாது, வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

"ஐயா, என் வண்டியில இதுக்கு முன்னால ஆளுக போயிருக்காவ. உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அடுத்த ஞாயித்துக்கெழமை நான் வந்து முழங்கால் போட்டேன். இந்தக் கையிலதான் திருவிருந்து அப்பத்த வச்சீங்க. ஒரு தடவையாவது, 'ஏம்பா, நீ பிரேக் போட்டியா, இல்ல சும்மா உக்காந்திருந்தியா'ன்னு கேட்டீங்களா? கேக்கல. நம்பிக் குடுத்தீங்க. செல்லத்துரைக்கு மட்டும் எதுக்கு விசாரணை? அவரு நோயில கெடந்த மனுஷன். காய்ச்சல்ல போனா மணி அடிப்பீங்க, மனசுல நோய் வந்து போனா அடிக்கமாட்டீங்களோ?"

போதகரின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்குப் புரியாம இல்ல பிரதர். கமிட்டியில நாலு பேர் கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?" என்றார். அவர் குரலில் அழுகை இருந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அப்போது ஒருக்களித்திருந்த கதவு திறந்தது. எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஐயா, உள்ள வேண்டாம்னா விட்டுருங்க" என்றாள். "யாரும் பொய் சொல்லி அவியள உள்ள கொண்டுபோவ வேண்டாம். அவிய பட்டறையிலகூட ஒரு பொய் சொல்லமாட்டாவ. அப்படிப்பட்டவியளுக்குப் பொய்ய மேல போத்தி அடக்கம் பண்ணினா, அது அவியளுக்கு அசிங்கம்."

அந்த அறையில் நாங்கள் மூன்று ஆண்கள். சபை நடத்துகிறவர் ஒருவர், சபைக் கணக்குப் பார்க்கிறவர் ஒருவர், பெரிய நியாயம் பேசின நான் ஒருவன். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் அழக்கூட இல்லை. சேலை முந்தியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

போதகர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எஸ்தரம்மா, நில்லுங்க" என்றார். "சாயங்காலம் உள்ள கொண்டுவாங்க. முழு ஆராதனையும் நானே நடத்துறேன். எப்படிச் செத்தாருன்னு நான் யாரையும் கேக்கப்போறதில்ல. கமிட்டி என்னைய கேக்கட்டும்."

 ஞானமுத்து மெதுவாக, "அப்போ மணி யாரு அடிக்க?" என்றார். சொன்ன பிறகுதான் அவர் கேட்டது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அந்த மனிதர் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நான்தான் அடித்தேன். சரியாக வரவில்லை. செல்லத்துரை பிடித்துப் பிடித்து வழுவழுவென்று ஆகிவிட்டிருந்த கயிறு என் கைக்கு நிற்கவில்லை. ஒரு அடி முந்தியும் ஒரு அடி பிந்தியும் விழுந்தது. ஆனாலும் உடல் உள்ளே வந்தது, பலிபீடத்துக்கு முன்னால் வைத்தார்கள், பாட்டுப் பாடினோம், பெண் பிள்ளைகள் இரண்டும் அப்பாவின் தலைமாட்டில் நின்றன. நாலைந்து குடும்பம் அன்று வரவில்லை. பிறகு மேலிடத்துக்குப் புகார் போயிற்று. அந்தப் போதகர் சீக்கிரமே மாற்றலாகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். அந்தக் கட்டுப்பாட்டை அதற்குப் பிறகு யாரும் எடுத்துப் பேசவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் நான் ஏதோ சத்தியவான் மாதிரி ஆகிவிடும். அது சரியில்லை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எஸ்தர் செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். லில்லி சாப்பிடச் சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில எனக்கு அவிய முகத்தக் காட்டல, பெட்டியவும் மூடித்தான் குடுத்தாவ. கடைசியா அவிய முகத்தப் பார்த்தது நீங்கதான். எப்படி இருந்தாவ?"

அவளுக்குப் பின்னால் நின்ற லில்லி எனக்குக் கண் ஜாடை காட்டினாள். அமைதியா இருந்தாருன்னு சொல்லிருங்க என்று அந்தக் கண் கெஞ்சியது. போதகருக்கு முன்னால் அவ்வளவு வீராப்பாகப் பேசியவன் நான். இங்கே பொய் நாக்கு நுனியில் வந்து தயாராக உட்கார்ந்துகொண்டது. கோயில் அறையில் எனக்கு இந்தக் கஷ்டம் இருக்கவில்லை. இங்கே பொய் சொன்னால் ஒருவருக்கும் நஷ்டமில்லை, ஒரு பெண் நிம்மதியாகத் தூங்குவாள். இதற்குக்கூட உதவாத உண்மை என்ன உண்மை என்று எனக்குள்ளேயே கேள்வி வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை இறக்கிக்கொள்ளலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை.

"பயந்துட்டாரும்மா" என்றேன்.

லில்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஹார்ன் சத்தத்துக்குத் திரும்பினாரு. முகமெல்லாம் பயம். சின்னப்பிள்ள பயப்படுற மாதிரி அவ்வளவு பயந்துட்டாரு. நான் பார்த்தது அதுதான். வேற மாதிரி சொல்ல எனக்கு வாய் வரல, மன்னிச்சிரு தாயி."

அவள் கதறுவாள், என்னைச் சபிப்பாள், மயங்கி விழுவாள் என்று எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன். அவள் திருகிக்கொண்டிருந்த வாரை விட்டாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள்.

 அதிர்ச்சியில் அவளுக்குப் பித்துப்பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். "எஸ்தர், என்னம்மா சொல்லுத? நான் சொன்னது வெளங்கிச்சா?" என்றேன்.

"வெளங்கிச்சு அண்ணாச்சி" என்றாள். அப்போதுதான் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. "ஆறு மாசமா அவிய முகத்துல ஒண்ணுமே இல்ல. பெரியவ கிளாஸ்ல மொதல்ல வந்தா, சந்தோசம் இல்ல. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, பக்கத்துலதான் இருந்தாவ, பயம் இல்ல. என்னைய பாத்தா செவுத்தப் பாக்கது மாதிரி பாப்பாவ. உள்ள ஆளு இருக்காவளா, எப்பவோ போயிட்டாவளான்னு தெனம் அந்த முகத்துல தேடுவேன். போயிட்டாவன்னுதான் நெனச்சேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். சிரிப்பு மாதிரி ஒன்று அவள் உதட்டில் வந்து போனதை நான் பார்த்தேன்.

"பயந்தாவன்னு சொல்லுதீங்கல்லா. அப்போ அவிய உள்ளதான் இருந்திருக்காவ அண்ணாச்சி. கடைசியில வந்துட்டாவ."